கெரிஸ்: ஒருவனுக்கென்றே வடித்த கத்தி

2020ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள், ஜாவாத் தீவிலுள்ள போகோர் அரண்மனையில் ஒரு கத்தி காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. நெதர்லாந்து மன்னர் வில்லெம் அலெக்ஸாண்டரும் இந்தோனேசியக் குடியரசுத் தலைவர் ஜோக்கோ விடோடோவும் அருகருகே நின்று அதனைப் பார்வையிட்டனர். 1825 முதல் 1830 வரை டச்சு ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட இளவரசர் டிபோனெகோரோவின் கெரிஸ் அது என்றும், ஏறத்தாழ 190 ஆண்டுகளுக்குப் பின் தாயகம் திரும்பியிருக்கிறது என்றும் அறிவிக்கப்பட்டது.

அறிவிப்பின் சூடு ஆறுவதற்குள்ளேயே இந்தோனேசியக் கெரிஸ் அன்பர்களிடையே ஒரு பேச்சு எழுந்தது. 'இது அந்தக் கெரிஸ்தானா?' என்பதே அது. ஐயத்திற்குக் காரணம் அரசியல் அன்று, அலகின் வடிவம். ஆவணங்கள் கூறும் பெயர் ஒன்று, கண்முன் கிடக்கும் கத்தியின் வடிவம் மற்றொன்று என்றனர் ஐயுற்றோர்.

ஒரு கத்தி இன்னாருடையது என்பதை அதன் வளைவையும் அதில் செதுக்கிய பாம்பின் உடலையும் வைத்து வழக்காட இயலுமா? இயலும், அக்கத்தி கெரிஸாக இருப்பின். கடையில் அடுக்கி வைத்து விற்கும் கத்திக்கு இவ்வழக்கு பொருந்தாது. உலையில் இரும்பு ஏறுமுன்பே 'யாருக்காக?' என்னும் வினாவுக்கு விடை தெரிந்திருக்க வேண்டிய கத்தி இது. அதன் வரலாற்றையும், வடிக்கும் முறையையும், இடுப்பில் செருகும் ஒழுங்கையும் சற்று விரிவாகவே காண்போம். காண்பதன் முடிவில் போகோர் வழக்குக்குத் திரும்புவோம்.

எம்பு காந்த்ரிங்கின் சாபம்

ஜாவாவில் கெரிஸ் வடிக்கும் கொல்லனை 'எம்பு' என்பர். பெரும்புலவர்க்கும் இதே பட்டம் உண்டு. காவியம் இயற்றியவரும் எம்பு. கத்தி வடித்தவரும் எம்பு. இவ்வொரு சொல்லே அச்சமூகம் உலைக்களத்துக்கு அளித்த இடத்தைக் காட்டிவிடுகிறது.

எம்புக்களில் பெயர் பெற்றவர் காந்த்ரிங். அவர் கதையைப் 'பரராதோன்' என்னும் பழஞ்ஜாவானிய அரசர் வரலாறு கூறுகிறது. கென் ஆரோக் என்னும் வழிப்பறிக்காரன், துமாப்பெலின் ஆளுநனான துங்குல் அமேதுங்கைக் கொன்று அவன் மனைவி கென் டெடெஸை அடையத் திட்டமிடுகிறான். காந்த்ரிங்கிடம் சென்று கெரிஸ் ஒன்றுக்குச் சொல்கிறான். ஓராண்டு வேண்டும் என்கிறார் எம்பு. ஐந்து திங்களில் வேண்டும் என்கிறான் இவன். ஐந்து திங்கள் கழித்து வந்து பார்க்கையில் எம்பு இன்னும் அலகைத் தேய்த்துச் செப்பம் செய்துகொண்டிருக்கிறார். சினம் கொண்ட கென் ஆரோக் கத்தியைப் பிடுங்கி அவரையே குத்துகிறான். இக்கத்தி உன்னையும் உன் மக்களையும் பேரர்களையும் கொல்லும், ஏழு அரசர் இதனால் மடிவர் என்று சபித்துவிட்டு எம்பு உயிர் துறக்கிறார்.

சாபத்தைப் பற்றி எல்லாரும் பேசுவர். நம் கவனத்தை ஈர்ப்பது அதற்கு அடுத்த நிகழ்ச்சி. துங்குல் அமேதுங்கின் நண்பன் கெபோ ஹிஜோ என்பவன் அந்தப் புதிய கெரிஸைக் கண்டு ஆசைப்படுகிறான். கென் ஆரோக் அதனை இரவல் கொடுக்கிறான். ஹிஜோ அதை இடுப்பில் செருகிக்கொண்டு ஊரெல்லாம் காட்டித் திரிகிறான். 'இது ஹிஜோவின் கெரிஸ்' என்று ஊர் முழுவதும் பதிந்த பின், கென் ஆரோக் அதைத் திருடி எடுத்து, ஆளுநனைக் கொன்று, கத்தியை உடலிலேயே விட்டுவிட்டுப் போகிறான். விடிந்ததும் கத்தியைப் பார்த்தவர்கள் வேறு விசாரணை எதுவும் செய்யவில்லை. ஹிஜோவைப் பிடித்து அதே கெரிஸால் கொன்றுவிடுகின்றனர்.

இச்சூழ்ச்சி எந்தச் சமூகத்தில் பலிக்கும்? கத்தியைக் கண்டால் உடையவனைக் கண்டதாகவே கொள்ளும் சமூகத்தில் மட்டுமே பலிக்கும். கெரிஸ் கையொப்பத்துக்கு நிகராக இருந்தது. அதனாலேயே அதைப் பொய்க் கையொப்பமாகவும் பயன்படுத்த முடிந்தது.

கென் ஆரோக் 1222இல் கெடிரி அரசன் கெர்தஜயனை வென்று சிங்காசாரி அரசை நிறுவியது வரலாறு. பின்னர் அவனும், அவனைக் கொல்வித்த அனுசபதியும் அதே கெரிஸுக்கு இரையாயினர் என்பது பரராதோன் கூற்று. எனினும் அந்நூல் நமக்குக் கிடைத்துள்ள வடிவம் நிகழ்ச்சிகளுக்கு இரண்டரை நூற்றாண்டுக்கேனும் பிற்பட்டது. ஆதலின் 13ஆம் நூற்றாண்டில் கெரிஸ் இன்றைய வடிவில் இருந்தது என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாகாது. தொகுத்தோர் காலத்து மக்கள் கெரிஸை எவ்வாறு எண்ணினர் என்பதற்கே இது சான்று. அந்த அளவில் இதனினும் சிறந்த சான்று வேறில்லை.

கல்லும் செப்பும் கடலோடிகளும்

கதையை விட்டுப் பொருட்சான்றுகளுக்கு வருவோம்.

ஆண்டு பொறித்த பழங்கெரிஸ்களில் புகழ்பெற்றது 'க்னவ்ட் கெரிஸ்' எனப்படுவது. சக ஆண்டு 1264, அதாவது கி.பி. 1342, அதில் பொறிக்கப்பட்டுள்ளது. அலகின் மேல் ஒரு பகுதியை மெல்லிய செப்புத்தகடு மூடியிருக்கிறது; அத்தகட்டில் இராமாயணக் காட்சிகள் உள்ளன. 19ஆம் நூற்றாண்டில் யோக்யகர்த்தாவின் ஐந்தாம் பாக்கு ஆலம், சார்லஸ் க்னவ்ட் என்னும் டச்சுக்காரருக்கு இதனைப் பரிசளித்தார். நெடுங்காலம் காணாமற்போனதாகக் கருதப்பட்டுப் பின்னர் ஆம்ஸ்டர்டாமில் காட்சிக்கு வந்தது.

அடுத்த சான்று கல்லில் உள்ளது. நடு ஜாவாவின் லாவு மலைச்சரிவில் 15ஆம் நூற்றாண்டில் எழுந்தது சுக்குக் கோயில். அங்குள்ள ஒரு புடைப்புச் சிற்பம் தமிழ் வாசகர்களைத் திகைக்க வைக்கும். இடப்புறம் ஒரு கொல்லன் அலகு வடிக்கிறான். அவன் பீமன் என்பர். வலப்புறம் நின்று துருத்தி இயக்குபவன் அருச்சுனன். இருவருக்கும் நடுவே ஆனைமுகத்தோன் ஒரு காலைத் தூக்கி ஆடுகிறான். சுற்றிலும் வடித்து முடித்த ஆயுதங்கள் வரிசையாக உள்ளன. நாம் தோல் துருத்தியை அறிவோம். இங்கோ இரண்டு நெடிய குழாய்களை நட்டு, அவற்றுள் உலக்கை போன்ற தண்டுகளை ஏற்றி இறக்கிக் காற்றெழுப்புகின்றனர். பாண்டவர் தமக்குரிய வில்லையும் கதையையும் ஒதுக்கி வைத்துவிட்டு ஜாவானியர் பட்டறையில் ஜாவானியராகவே வேலை செய்கின்றனர். ஒரு காவியம் வேற்று நிலத்தில் வேரூன்றுவது என்றால் இவ்வாறு அந்நிலத்தின் தொழிலோடு கலந்து வேரூன்றுவதே போலும்.

மூன்றாவது சான்று கடலோடிகளின் குறிப்பு. சீனத் தளபதி செங் ஹேயின் கப்பற்படையோடு 1413இல் புறப்பட்ட மா ஹுவான், ஜாவாவில் மூன்று வயதுச் சிறுவன் முதல் கிழவர் ஈறாக, உயர்ந்தோர் தாழ்ந்தோர் அனைவரும் இடுப்பில் குத்துவாள் செருகியிருந்ததாக எழுதுகிறார். முயலின் மயிரையும் பனித்துகளையும் ஒத்த கோலங்கள் அந்த எஃகில் தெரிந்தனவாம். பிடிகள் பொன்னாலும் காண்டாமிருகக் கொம்பாலும் தந்தத்தாலும் ஆனவை; மனித முகமும் பேய் முகமும் செதுக்கியவை. ஒருவன் தலையை மற்றொருவன் தொட்டுவிட்டாலோ, குடிவெறியில் சொல் தடித்தாலோ உடனே கத்தி வெளிவரும். கொன்றவன் மூன்று நாள் ஒளிந்திருந்தால் தப்பினான். அப்போதே பிடிபட்டால் அவனும் குத்திக் கொல்லப்படுவான். ஆயுதம் தாங்கும் வழக்கத்தின் அழகை மட்டும் பாடாமல் அதற்கு அச்சமூகம் கொடுத்த விலையையும் மா ஹுவான் பதிந்து வைத்திருக்கிறார்.

ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1512க்கும் 1515க்கும் இடையில் எழுதிய போர்ச்சுக்கீசியர் தோமே பிரேஸும் இதனை உறுதி செய்கிறார். பன்னிரண்டு வயதுக்கும் எண்பது வயதுக்கும் இடைப்பட்ட ஆண்மகன் எவனும் கெரிஸ் இன்றி வெளியே செல்லலாகாது, அதை முதுகுப்புறம் செருகுவர் என்பது அவர் குறிப்பு. முதுகுப்புறம் ஏன் என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

வடிவம் என்னும் இலக்கணம்

கெரிஸ் செய்விக்க விரும்புபவன் தச்சனிடம் நாற்காலிக்குச் சொல்வதைப்போல் சொல்லிவிட்டு வர முடியாது. அவன் யார், உழவனா வணிகனா போர்வீரனா அரண்மனை அலுவலனா, எதை வேண்டிக் கேட்கிறான் என்பனவற்றை எம்பு அறிந்துகொள்வார். அதன் பின்னரே வடிவம் முடிவாகும்.

அலகின் பொதுவடிவத்தைத் 'தாபூர்' என்பர். முதற்பிரிவு, நேர் அலகா வளைந்த அலகா என்பது. வளைவை 'லூக்' என்பர். எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையே: மூன்று, ஐந்து, ஏழு எனப் பதின்மூன்று வரை வழக்கமானவை, அதற்கு மேற்பட்டவை அரியவை. அலகின் அடிப்பகுதி ஒருபுறம் அகன்று சமச்சீரின்றி இருக்கும். அவ்விடத்தில் யானைத் துதிக்கை போன்ற சுருள், பள்ளங்கள், பற்கள் எனப் பல நுண்ணுறுப்புகள் அமையும். எத்தனை வளைவு, எந்தெந்த உறுப்பு உண்டு, எந்தெந்த உறுப்பு இல்லை என்னும் கூட்டினைக் கொண்டே ஒவ்வொரு தாபூருக்கும் பெயர் ஏற்படுகிறது. யாப்பில் அசையும் சீரும் தளையும் நோக்கி இது இன்ன பா என்று நாம் சொல்வதில்லையா? அவ்வாறே தேர்ந்தவர் அலகைப் பார்த்துப் பெயர் சொல்லிவிடுவர்.

அடுத்தது 'பாமோர்', அலகின் மேனியில் வெண்மையாக ஓடும் கோலம். மா ஹுவான் முயல் மயிர் என்று கண்டது இதனைத்தான். சிந்திய அரிசி, பொன்மழை, தென்னங்கீற்று என்று இவற்றின் பெயர்களே அழகியவை. பொன்மழைக் கோலம் வணிகர்க்கு ஆகி வரும் என்பது நம்பிக்கை. சில கோலங்கள் எல்லார்க்கும் பொருந்தா, உடையவனைத் தேர்ந்தெடுக்கும் இயல்பின என்றும் கருதினர். மலாய் நாடுகளில் கத்தியின் நீளத்தை உடையவனாகப் போகிறவனின் பெருவிரல் அகலத்தால் அளந்து, பொருந்துமா பொருந்தாதா எனக் கணிக்கும் வழக்கம் இருந்தது. ஒருவனுக்கு அமைந்த நீளம் மற்றொருவன் விரலுக்குத் தீய குறியாகிவிடும்.

இந்நம்பிக்கைகளை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அவற்றுள் ஒரு நடைமுறை அறிவு பொதிந்திருப்பதை மறுப்பதற்கில்லை. செய்வோனும் செய்விப்போனும் பலமுறை உட்கார்ந்து பேசினால்தான் பணி தொடங்கும். பேச்சு முடியும்போது கத்தி பாதி முடிந்திருக்கும்.

உலைக்களத்தில்

நோன்பும் படையலும் நல்ல நாளும் பார்த்தே எம்பு தொடங்குவார். தேவையானவை மூன்று: இரும்பு, எஃகு, நிக்கல் கலந்த இரும்பு. முன்னதும் பின்னதும் சேர்ந்து பாமோர்க் கோலத்தை உண்டாக்கும். எஃகு கூர்மை தரும்.

நிக்கல் இரும்பு எங்கிருந்து வந்தது? அதன் ஒரு மூலம் வானம். பிரம்பனான் அருகே விழுந்த விண்கல்லின் துண்டுகள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சூரகர்த்தா அரண்மனைக்குக் கொண்டு செல்லப்பட்டன. அரண்மனை எம்புக்கள் அவற்றிலிருந்து வெட்டியெடுத்துப் பயன்படுத்தினர். பிற்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த நிக்கல் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது.

இரும்புப் பட்டைகளுக்கு நடுவே நிக்கல் பட்டையை வைத்துத் தேக்குக் கரி உலையில் பழுக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து ஒன்றாக்குவர். ஒட்டியதை நீட்டி, இரண்டாக மடித்து, மீண்டும் காய்ச்சி, மீண்டும் அடிப்பர். ஒவ்வொரு மடிப்புக்கும் படலங்கள் இரட்டிக்கும். வெப்பம் குறைந்தால் படலங்கள் ஒட்டா. மிகுந்தால் இரும்பு எரிந்து பொரியாகப் பறக்கும். தணலின் நிறமே அளவுகோல். மடிப்பு முடிந்ததும் அந்தக் கட்டியை இரண்டாக்கி, நடுவில் எஃகுத் தகட்டை வைத்து மீண்டும் ஒட்டுவர். அதன் பின்னரே அலகு நீளும். வளைவுகளை ஒவ்வொன்றாகக் காய்ச்சித் தட்டி எழுப்புவர்.

சம்மட்டி ஓய்ந்ததும் அரம் தொடங்கும். பள்ளங்களும் பற்களும் துதிக்கையும் அரத்தாலும் உளியாலும் வெளிப்படுபவை. தொடங்கும்போது எடுத்த இரும்பில் பெரும்பகுதி உலைக்கும் அரத்துக்கும் போய்விடக் கையில் மிஞ்சுவது மெல்லிய அலகு. இந்நிலையில் கோலம் கண்ணுக்குத் தெரியாது. எலுமிச்சைச் சாற்றோடு பாடாணம் சேர்த்து அலகில் பூசினால் இரும்பு கருக்கும். நிக்கல் கருக்காமல் வெள்ளியாக மின்னும். கொல்லன் இத்தனை நாள் மனத்தில் மட்டும் கண்டிருந்த கோலத்தை அப்போதுதான் கண்ணால் காண்கிறான். காந்த்ரிங் ஓராண்டு கேட்டது ஏன் என்பது இப்போது விளங்கும்.

அலகோடு பணி முடியவில்லை. பிடியைச் செதுக்குபவர் வேறு; உறை செய்யும் மரத்தச்சர் வேறு; உறைக்கு மேல் உலோகக் கவசம் தட்டுபவர் வேறு. 1755ஆம் ஆண்டு கியாந்தி உடன்படிக்கையால் மாத்தாராம் அரசு சூரகர்த்தா, யோக்யகர்த்தா என இரண்டாகப் பிளவுபட்டபோது உறைகளும் பிளவுபட்டன. படகு போல் நீண்டு வளைந்த விழா உறை சூரகர்த்தாவுக்கு. சற்றுக் குறுகிய உறை யோக்யகர்த்தாவுக்கு. இடுப்பைப் பார்த்தே இவர் எந்த அரண்மனையைச் சேர்ந்தவர் என்று அறியலாம்.

இடுப்பில் செருகும் ஒழுங்கு

ஜாவானியர் நீண்ட துணிக்கச்சையை இடுப்பில் பல சுற்றுச் சுற்றி, அதன் மடிப்புகளுக்கிடையே கெரிஸை முதுகுப்புறம் செருகுவர். பிடி வலப்பக்கம் சாய்ந்திருக்கும். எதிரில் நிற்பவர்க்குக் கத்தி தெரியாது. உடையவனும் கையைப் பின்னால் கொண்டு சென்றால்தான் எடுக்க முடியும். எல்லாரும் ஆயுதம் தாங்கிய சபையில் ஒருவர்க்கொருவர் அளித்துக்கொண்ட உறுதிமொழியாக இதனைக் கொள்ளலாம். 'என்னிடம் கத்தி இருக்கிறது, ஆனால் என் கை அதன்மேல் இல்லை' என்பதே அதன் பொருள். போருக்குப் புறப்படுகையில் இவ்வொழுங்கு மாறும். கத்தி எளிதில் கைக்கெட்டும் இடத்துக்கு வரும். ஆகவே கெரிஸ் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்பதே ஒரு செய்தி.

1817இல் வெளிவந்த 'ஜாவாவின் வரலாறு' என்னும் நூலில் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ், போர்க்கோலம் பூண்ட ஜாவானியன் மூன்று கெரிஸ்கள் அணிவதாகக் குறிப்பிடுகிறார். ஒன்று அவனுடையது, ஒன்று முன்னோரிடமிருந்து வந்தது, ஒன்று திருமணத்தின்போது மாமனார் கொடுத்தது. உறவுமுறை முழுவதையும் இடுப்பில் சுமந்து செல்கிறான் என்று சொல்லலாம். மணமகன் வர இயலாதபோது, அல்லது மணமகள் தகுதியில் தாழ்ந்தவள் எனக் கருதி அவன் வராதபோது, அவனுடைய கெரிஸை வைத்தே மணம் முடித்த வழக்கமும் இருந்தது. கத்தி ஆளாக நின்றது. அப்பெண்ணின் பக்கம் நின்று நோக்கினால் இம்மரபின் பெருமை சற்று மங்கவே செய்யும்.

இன்றும் ஜாவானிய மணமகன் முதுகில் கெரிஸ் உண்டு. பிடியிலிருந்து மல்லிகைச் சரம் தொங்கும். ஆண்டுதோறும் சூரோ மாதத்தில் குடும்பக் கெரிஸ்களை எடுத்துக் கழுவித் துடைத்து எண்ணெயிட்டு வைக்கின்றனர். அம்மாதம் இசுலாமிய முகரம் மாதமேயாம்.

ஒரு கத்தி, இரு பார்வை

கெரிஸ் ஜாவாவோடு நிற்கவில்லை; பாலி, சுமத்ரா, மலாய்த் தீபகற்பம் என எங்கும் பரவியது. மலாக்காவின் வீரன் ஹங் துவாவின் 'தாமிங் சாரி' என்னும் கெரிஸ், மஜபாகித் வீரன் ஒருவனிடமிருந்து வென்று கொண்டது என்று மலாய்க் காப்பியம் கூறும். மலேசியப் பேரரசர் முடிசூடும்போது கெரிஸை முத்தமிட்டே பொறுப்பேற்கிறார்.

இங்குதான் நம்மவர் கதையும் சிறிது குறுக்கிடுகிறது. 2005ஆம் ஆண்டு ஜூலையில் கோலாலம்பூரில் நடந்த அம்னோ கட்சியின் இளைஞர் மாநாட்டு மேடையில் கெரிஸ் உறையிலிருந்து உருவி உயர்த்தப்பட்டது. மலாய்ப் பெருமிதத்தின் அடையாளம் அது என்றனர் கட்சியினர். மலேசியச் சீனரும் தமிழரும் அதனை அச்சுறுத்தலாகவே கண்டனர். 2008 தேர்தலில் ஆளுங்கூட்டணி பெரும் பின்னடைவைக் கண்ட பின், மேடையில் கெரிஸை உயர்த்திய தலைவர் அதற்காக வருத்தம் தெரிவித்தார். உறையில் முதுகுப்புறம் இருக்கும் கெரிஸ் மரியாதை; உருவி முன்னே நீட்டிய கெரிஸ் மிரட்டல். இவ்வேறுபாட்டை மரபே கற்பித்திருந்தும் மேடை அதனை மறந்தது.

அதே 2005ஆம் ஆண்டு நவம்பரில் இந்தோனேசியக் கெரிஸை மனிதகுலத்தின் அருமரபுகளுள் ஒன்றாக யுனெஸ்கோ அறிவித்தது என்பதும் நினைவுகூரத்தக்கது. 2008இல் அது மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

அவ்வறிவிப்புக்கு முன் இக்கலை அணையும் நிலைக்குச் சென்று மீண்டது. டச்சு ஆட்சியின் பிடி இறுகியபின் கெரிஸ் ஆயுதம் என்னும் நிலையிழந்து ஆடையின் உறுப்பாயிற்று. அரண்மனைகள் வறுமையுற, எம்புக்களின் பிள்ளைகள் அரிவாளும் மண்வெட்டியும் அடிக்கச் சென்றனர். 1970களில் ஜெர்மானியக் கப்பலோட்டி ஒருவர் யோக்யகர்த்தா அருகே எம்பு மரபில் வந்த யோசோபங்கார்சோவையும் அவர் தம்பி ஜெனோ ஹரும்ப்ரோஜோவையும் தேடிக் கண்டு, மீண்டும் கெரிஸ் வடிக்கத் தூண்டினார். அணைந்திருந்த உலை மூண்டது. இன்று சூரகர்த்தாவின் கலைக்கல்வி நிறுவனத்தில் கெரிஸ் வடித்தல் பட்டப்படிப்பாகவே உள்ளது. இரு உடன்பிறந்தாரின் கைகளில் எஞ்சியிருந்த நினைவு அக்கைகளோடு போயிருந்தால், அருங்காட்சியகப் பேழைகளில் அலகுகள் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

மீண்டும் போகோர் வழக்கு

இனித் தொடங்கிய இடத்துக்கு வருவோம். டிபோனெகோரோ 1830 மார்ச் 28 அன்று, நோன்பு மாதம் முடிந்த தறுவாயில், பேச்சுவார்த்தைக்கென மாகெலாங் சென்ற இடத்தில் கைது செய்யப்பட்டார். நாடு கடத்தப்பட்டு 1855இல் மக்காசாரில் மறைந்தார். அவருடைய கெரிஸ் கர்னல் கிளீரன்ஸ் வழியாக 1831இல் டச்சு மன்னரிடம் சென்றது. மன்னரின் அரும்பொருட் சேகரம் கலைக்கப்பட்டபோது லெய்டன் அருங்காட்சியகத்தை அடைந்தது. அங்கே ஆயிரக்கணக்கான பொருள்களுக்கிடையே அதன் பெயர் தொலைந்தது. பல ஆண்டுத் தேடலுக்குப் பின் ஆவணங்கள் ஒன்றுசேர்க்கப்பட்டன. டிபோனெகோரோ அக்கெரிஸைக் கிளீரன்ஸிடம் கொடுத்ததைத் தாம் கண்டதாக அவருடைய படைத்தலைவர் செந்தோத் அளித்த வாக்குமூலம் ஒன்று. அக்காலத்தில் நெதர்லாந்தில் ஓவியம் பயின்றுகொண்டிருந்த ஜாவானியர் ராடன் சாலே எழுதிய விளக்கக் குறிப்பு மற்றொன்று. கெரிஸின் பெயர் 'கியாய் நாக சிலுமன்' என்று ஆவணம் கூறுகிறது. 'நாகம்' முடிசூடிய பாம்பு. 'சிலுமன்' மறைந்துவிட வல்லது.

ஐயம் எழுந்தது இப்பெயரால்தான். தாபூர் இலக்கணத்தில் நாக சிலுமன் என்றால் அடியில் பாம்பின் தலை மட்டும் இருக்கும். உடல் அலகினுள் மறைந்துவிடும். திரும்பி வந்த கெரிஸிலோ பதினொரு வளைவும், அலகு நெடுகப் பாம்பின் உடலும் காணப்படுகின்றன. இது நாகசஸ்ரா என்னும் வேறு தாபூர் அன்றோ என்றனர் அன்பர்கள். ஆய்வாளர் தரப்பு விடை வேறு. நாக சிலுமன் என்பது வடிவப் பெயர் அன்று, உடையவர் அக்கத்திக்கு இட்ட தனிப்பெயர்; ராடன் சாலேயின் வருணனையோடு கத்தி பொருந்துகிறது என்பது அவர்கள் முடிவு.

இரு தரப்பும் கத்தியைப் படிக்க வேண்டிய நூலாகவே கருதின என்பது நமக்கு முதன்மையாகப் படுகிறது. ஆவணத்தை மதிக்கும் ஆய்வாளர் முடிவின் பக்கமே நாம் சாய்கிறோம். ஆயினும் ஐயுற்றோரின் கூர்மையைக் குறைத்து மதிப்பிட மாட்டோம். கென் ஆரோக்கின் ஊரார் கத்தியைக் கண்டவுடனே முடிவுக்கு வந்தனர். குற்றமற்ற ஹிஜோ மாண்டான். இவர்களோ கண்டவுடன் ஐயுற்றனர். கையொப்பத்தைப் படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, ஒப்பிட்டுச் சரிபார்க்கவும் வேண்டும் என்பதை அச்சமூகம் கற்றுக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லி முடிப்போம். கெரிஸுக்கு விளக்கம் எழுதிய ராடன் சாலே, 26 ஆண்டுகள் கழித்து 1857இல் டிபோனெகோரோவின் கைதை ஓவியமாகத் தீட்டினார். 1978இல் இந்தோனேசியாவுக்குத் திரும்பிய புகழ்பெற்ற ஓவியம் அது. இளவரசர் நிமிர்ந்து நிற்கிறார். சுற்றிலும் அவருடைய மக்கள். அவர்களிடம் கெரிஸ் இல்லை. அமைதிப் பேச்சுக்கு வந்தவர்கள் ஆயுதமின்றி வந்தனர் என்று காட்டவே ஓவியர் அவ்வாறு தீட்டினார் என்பர். அக்கெரிஸ் எப்படிப்பட்டது என்று தம் கையாலேயே எழுதிக் கொடுத்தவர், அது இல்லாத இடுப்பைத் தீட்டும்போது என்ன எண்ணியிருப்பார்?

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அருங்காட்சியகத்தில் நாம் ஒரு கெரிஸைக் கண்டோம். 'குத்துவாள், ஜாவா, இரும்பு, மரம்' என்று மட்டுமே சீட்டு கூறியது. அன்று அதில் குறை எதுவும் நமக்குத் தோன்றவில்லை. யாருக்காக என்று கேட்டபின்பே வடித்த கத்தி அது. யாருடையது என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.